அப்பாவின் நாக்கும் ஒரு துண்டுக் காகிதமும்

பரம்பரையைப் பற்றி ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்லும் காட்சிக்கூடம் ஒன்றை நான் வடிவமைத்துக்கொண்டிருந்த வருஷத்தில்தான், மெர்கோங் வீட்டில் என் அப்பா நடப்பதை நிறுத்தினார். படுக்கையில் விழுந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். குளியலறைக்கு நடந்தார், வாசல் கேட்டுக்கு நடந்தார், தொலைக்காட்சிக்கு நடந்தார். காலையில் அம்மாவோடு மீன், காய் வாங்கப் பாசாருக்கு நடந்து போய் வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்று அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து தவறாத பழக்கம் அது. அம்மா முன்னால் போவார். அப்பா பையோடு நாலடி பின்னால் போவார். வழியில் இருவரும் ஒரு வார்த்தை பேசி யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் மழைநாள் தவிர ஒருநாளும் தனித்தனியாகப் போனதில்லை.

ஏன்ப்பா போகவில்லை என்று கேட்டால், "ஒன்னும் இல்ல லா" என்பார். நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கைகளையும் ஊன்றி, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு எழுவார். முட்டி வலியா என்றால் ஒன்னும் இல்ல. இடுப்பா என்றால் ஒன்னும் இல்ல. காலுக்கு இதமாகப் புதுச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தேன். ரொம்ப நல்லா இருக்கு என்று சொல்லி, பெட்டியோடு அலமாரிக்குள் வைத்துவிட்டார். அம்மா பையைத் தானே தூக்கிக்கொண்டு தனியாகப் போய் வந்தார். அவர் அப்பாவிடம் ஏதும் கேட்கவில்லை. பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் முன்னைவிடக் கூடியிருந்தது. வாரக் கடைசியில் நான் சுங்கை பட்டாணியிலிருந்து போய்ப் பார்க்கும்போதெல்லாம் அப்பாவின் கால் இன்னும் கொஞ்சம் மெதுவாகியிருக்கும். அந்தக் காலுக்கு என்ன வந்தது என்று தெரியாமல் எனக்கு நிம்மதியே இல்லை.

என் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஒரு சின்ன நிறுவனம். பேரங்காடிகளில் தீபாவளிக்கு நிற்கும் அட்டை யானைகளும், வீட்டுமனை விற்பவர்களின் கண்காட்சிச் சாவடிகளும் எங்கள் கைவரிசை. அப்படிப்பட்ட எங்களிடம், வடக்கே ஒரு ஊரில் திறக்கவிருந்த சின்ன அறிவியல் காட்சியகத்தார் வந்து, மரபணுவையும் அவரவர் உடம்புக்கேற்ற மருத்துவத்தையும் விளக்கும் கூடம் ஒன்று வேண்டும் என்றார்கள். நான் உடனே சரி என்றேன். பள்ளிக்கூடத்தில் படிவம் ஐந்தில் நான் உயிரியல் படித்தேன் என்பதற்குச் சான்றிதழைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

எங்களுக்கு ஆலோசனை சொல்ல ஒரு மரபணு மருத்துவரைக் கொடுத்திருந்தார்கள். அறுபதைத் தாண்டிய தமிழ் அம்மையார். சிரிக்க மாட்டார், ஆனால் எதிரில் இருப்பவருக்குச் சிரிப்பை அடக்குவது கஷ்டம். முதல் நாளே சோதனை வந்தது. கூடத்தின் நடுவில் நிற்க, முறுக்கிக்கொண்டு மேலே போகும் டிஎன்ஏ ஏணி ஒன்றை ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காகச் செய்ய வைத்திருந்தேன். செய்தவர் கோயில் தேர்களுக்கு யாளியும் குதிரையும் செய்கிற ஆசாரி அண்ணன் ஒருவர். பளபளவென்று நின்ற அதை டாக்டர் ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு, இது இடப்பக்கமாகச் சுற்றுகிறது, மனுஷன் உடம்பில் இருப்பது வலப்பக்கமாகச் சுற்றும் என்றார்.

அண்ணன் அசரவில்லை. "பின்னால நின்னு பாத்தா சரியா வரும் லா டாக்டர்" என்றார்.

எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அது இடப்பக்கம்தான் சுற்றும் என்றார் டாக்டர். அண்ணன் பின்னால் போய்ப் பார்த்தார், நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தார், கடைசியில் தரையில் மல்லாந்து படுத்தும் பார்த்தார். எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு அளவு நாடாவை எடுத்தார். யாளியின் வால் எந்தப் பக்கம் சுழிக்க வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் தன்னைக் கேட்டதில்லை என்று என்னிடம் மட்டும் குறைபட்டுக்கொண்டார்.

அடுத்து வந்தவை மரப் பொம்மைகள். ஒரே உயரத்தில் பத்துப் பேர், வரிசையாக. கொழுப்பைக் குறைக்கும் ஒரே மாத்திரையைப் பத்துப் பேருக்கும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைப் பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். பெரும்பாலான பொம்மைகளின் நெஞ்சில் பச்சை விளக்கு எரியும். ஒன்றுக்கு மட்டும் இரண்டு தொடைகளிலும் சிவப்பு விளக்கு. சில பேருக்குப் பிறவியிலேயே உள்ள வித்தியாசத்தால் அந்த மருந்து ரத்தத்தில் அதிகமாகத் தங்கிவிடுகிறது, தசை வலி வரலாம், அவர்களுக்கு வேறு மருந்து பார்க்க வேண்டும் என்று டாக்டர் விளக்கினார். கடைத்தெருவில் ஒரே அளவில் தைத்த சட்டையை ஊரே போட முடியுமா, அது மாதிரிதான் என்றார்.

சிவப்பு விளக்குக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. அப்பாவும் அந்த வகை மாத்திரைதானே போடுகிறார். அப்படியே போனை எடுத்தேன். மாத்திரை போட ஆரம்பித்த பிறகு கால் வலிக்கிறதா என்று கேட்டேன். ஒன்னும் இல்ல லா என்றார். கொழுப்பு நன்றாக இறங்கிவிட்டதாகக் கிளினிக் டாக்டர் பாராட்டியதையும் சொன்னார். சரி, இது காரணமில்லை என்று என் பட்டியலில் மாத்திரையை அடித்துவிட்டேன். பெற்ற தகப்பன் சொல்லும்போது நம்பாமல் என்ன செய்வது? நரம்பு, வாதம், சர்க்கரை என்று மற்றவற்றைத் தேடப் போய்விட்டேன்.

அதன் பிறகு வந்தது காகிதம். நகத்தளவு வெள்ளைக் காகிதத் துண்டு, அதில் ஏதோ ஒரு பொருளை மிகச் சிறிதளவு தடவியிருக்கும். நாக்கில் வைத்தால் சிலருக்குக் கடும் கசப்பு, சிலருக்கு வெறும் காகிதம். கசப்பு தெரிவதும் தெரியாததும் பெற்றோரிடமிருந்து வருவது. வருகையாளர்களுக்கு இதைவிட நல்ல விளையாட்டு கிடையாது என்று எனக்கு ஒரே குஷி. பக்கத்தில் மாட்டும் பலகைக்கு வாசகமும் எழுதினேன்: தாய் தகப்பன் இருவருக்கும் கசப்பு தெரியாவிட்டால் பிள்ளைக்கும் தெரியாது. டாக்டர் அதில் சிவப்புப் பேனாவால் 'பெரும்பாலும்' என்று ஒரு சொல்லைச் சேர்த்திருந்தார். மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் ஒரே பலகையில் நிற்க வேண்டும். இடம் போதவில்லை. 'பெரும்பாலும்' என்பதைத் தூக்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மெர்கோங் வீட்டில் முதல் ஒத்திகை. சாப்பாடு முடிந்து, ஒரு தட்டில் காகிதத் துண்டுகளை வைத்து மேசைக்குக் கொண்டுவந்தேன். முதலில் என் நாக்கில் வைத்தேன். அப்பப்பா, பாகற்காயையும் வேப்பிலையையும் சேர்த்து அரைத்து வாயில் அப்பிய மாதிரி இருந்தது. அம்மா ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, வெறும் காகிதம்தான், இதற்கா உனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேட்டார். பிறகு இன்னொன்றை எடுத்துத் தன் கையாலேயே அப்பாவிடம் கொடுத்தார். அப்பா வாங்கி வாயில் வைத்தார். அம்மாவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அசை போட்டார்.

"ஒன்னும் இல்ல" என்றார்.

நான் எழுதிய பலகை மூன்று மொழிகளிலும் கண்முன் வந்தது. அம்மாவுக்குத் தெரியவில்லை, அப்பாவுக்குத் தெரியவில்லை, எனக்கு வாய் இன்னும் கசக்கிறது. அப்படியானால் நான் யார்?

யான் என்ற ஊரில் கட்டிக்கொடுத்திருக்கும் என் அக்காவிடம் போனில் சொன்னேன். அவள் மூச்சு வாங்கச் சிரித்தாள். "அதான் சின்னப்புள்ளையிலயே சொன்னோமே, ஒன்ன தவிட்டுக்கு வாங்குனோம்னு. நீதான் நம்பல." தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்று கேலி கேட்காமல் எந்தத் தமிழ் வீட்டுக் கடைக்குட்டியும் வளர்வதில்லை. நானும் கேட்டு, அழுது, மறந்தவள்தான். ஆனால் அறிவியல் ஆதாரத்தோடு யாரும் அதைச் சொன்னதில்லை. அதுவும் நானே எழுதிய ஆதாரம்.

மூன்று நாள் நான் நானாக இல்லை. பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி முன் நின்று மூக்கைப் பார்த்தேன். அப்பாவின் மூக்குதான், சந்தேகமே இல்லை. ஆனால் எங்கள் பழைய ஊர் மெர்போக் பக்கம் பாதிப் பேருக்கு அந்த மூக்குதான். கோபம் அம்மாவின் கோபம் என்று தைரியம் சொல்லிக்கொண்டேன். முட்டாள்தனம் என்று தெரிந்தும் பயந்தேன். பயத்தைவிட, என் பலகையை நானே எட்டி உதைக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. இதைப் படித்துவிட்டு எத்தனை வீட்டில் மாமியார்கள் மருமகள்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள் என்று அப்போதுதான் புத்தியில் பட்டது.

வெட்கத்தை விட்டு டாக்டருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, அந்தப் 'பெரும்பாலும்' எங்கே போனது என்று. இடம் இல்லை என்றேன். பிறகு, வீட்டில் யார் முதலில் பதில் சொன்னார்கள் என்று கேட்டார். அம்மா என்றேன். அப்பா அதற்கப்புறமா என்றார். ஆமாம் என்றேன். "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஊர் மக்களோடு நடத்தும் வெள்ளோட்டத்தில் ஆட்களின் பேச்சைக் கேட்காதே, முகத்தைப் பார் என்றார்.

வெள்ளோட்டம் மெர்போக் பக்கம் நாங்கள் முன்பு இருந்த தோட்டத்துக் கோயில் மண்டபத்தில். பூசை முடிந்து அன்னதானமும் முடிந்து, கை கழுவிய ஈரத்தோடு சனம் வரிசையில் நின்றது. முதல் ஆளாகக் கோயில் தலைவரை அழைத்தோம். வேறு யாரை முதலில் அழைக்க முடியும்? அவர் காகிதத்தை வாயில் வைத்து, கண்ணை மூடித் திறந்து, ஒன்றும் தெரியவில்லை என்று அறிவித்தார். அவ்வளவுதான். அடுத்தவருக்கும் தெரியவில்லை. அதற்கடுத்தவருக்கும் தெரியவில்லை. ஒரு அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. விழுங்கிவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்றார். இன்னொரு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். கொப்பளித்துவிட்டு வந்து, தலைவரைப் பார்த்துக்கொண்டே, ஒன்றும் தெரியவில்லை என்றார். கணவன் சொன்னதை மனைவி சொன்னார், மனைவி சொன்னதைக் கணவன் சொன்னார். கடைசி ஆள்வரை மெர்போக்கில் ஒருவருக்கும் கசப்பு தெரியவில்லை.

டாக்டர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். நோட்டை மூடினார்.

"நாக்கெல்லாம் நல்லாத்தான் வேல செய்யுது. வாய்தான் மரியாத பாக்குது" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாக்கில் இருப்பதைக்கூடப் பக்கத்து ஆளைப் பார்த்துச் சொல்கிற சனத்துக்கு நான் எங்கிருந்து அறிவியல் காட்டுவது? சாமான்களை வண்டியில் ஏற்றும்வரை புலம்பிக்கொண்டிருந்தேன். வீடு திரும்பும் வழியில் ஒரு பள்ளிக்கூடத்தைக் கடந்தபோது யோசனை வந்தது. நம் ஆட்கள் யாரையும் கேட்காமல், யாருக்கும் பயப்படாமல் மனசில் பட்டதைச் செய்கிற இடம் ஒன்று உண்டு. ஓட்டுப் போடும் மறைவு. அட்டைக்கு எங்களிடம் பஞ்சமா? ஒரு வாரத்தில் மூன்று மறைவுகள் செய்தேன். உள்ளே போய்க் காகிதத்தை நாக்கில் வைக்க வேண்டும். கசந்தால் சிவப்பு வில்லை, கசக்காவிட்டால் வெள்ளை வில்லை, பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும்.

அடுத்த ஞாயிறு அதே மண்டபத்துக்கு அப்பா அம்மாவையும் காரில் அழைத்துப் போனேன். மறைவைப் பார்த்ததும் பெரியவர்களுக்கு ஒரே உற்சாகம், விரலில் மை தடவுவீர்களா என்று இரண்டு பேர் கேட்டார்கள். நான் ஒரு கள்ளத்தனம் செய்தேன். காலிப் பெட்டி ஒன்றை வைத்து, முதலில் என் பெற்றோர் இருவரை மட்டும் அந்த மறைவுக்குள் அனுப்பினேன். அம்மா போன வேகத்தில் வந்து, அன்றைக்கு மாதிரியே வெறும் காகிதம் என்றார். அடுத்து அப்பா போனார். வெளியே வர நேரமாயிற்று. வந்தவர் யாரையும் பார்க்காமல் நேராகச் சிராப் தண்ணீர் வைத்திருந்த வாளிக்குப் போய், அந்த ரோஸ் நிறத் தண்ணீரை இரண்டு டம்ளர் மடமடவென்று குடித்தார்.

பெட்டியைத் திறந்தேன். ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவுக்குக் கசக்கிறது, அதனால் எனக்கும் கசக்கிறது, நான் யார் வீட்டிலிருந்தும் வரவில்லை. அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சு நேரம் இருந்திருக்கும். அதற்குள் இன்னொன்று உறைத்தது. அந்தக் கசப்பை வாயில் வைத்துக்கொண்டு முகம் மாறாமல் ஒன்னும் இல்ல என்று சொல்லத் தெரிந்த மனிதர், வேறு எதற்கெல்லாம் ஒன்னும் இல்ல என்று சொல்லியிருப்பார்?

வாளிப் பக்கம் போய் நின்றேன். கசந்ததா என்று கேட்டேன். அம்மா எங்கே இருக்கிறார் என்று பார்த்துவிட்டு, லேசாக என்றார். வீட்டில் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"அம்மா கையால எடுத்துக் குடுத்தாங்க. கசக்குதுன்னு சொன்னா, குடுத்தத கொற சொன்ன மாதிரி ஆயிரும்ல."

"அப்ப காலு?"

அப்பா டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன அந்த இரண்டு சொற்கள் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"மாத்திர போட ஆரம்பிச்சதுலேருந்து லா. ஒரு வருஷம் இருக்கும். தொட ரெண்டும் இழுக்குது."

கிளினிக்கில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன காரணத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அந்த டாக்டர் சின்னப் பெண்ணாம். அப்பாவின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டதாம். தாதியைக் கூப்பிட்டுக் காட்டியதாம். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? நான் செய்த மரப் பொம்மைக்குக்கூடக் கால் வலித்தால் விளக்கு எரிகிறதே அப்பா என்று வாளிப் பக்கத்திலேயே நின்று திட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். முடிந்ததும், அம்மாவிடம் சொல்லாதே, பயந்துவிடுவார் என்றார்.

அந்த வாரமே கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். வழக்கமான பரிசோதனை என்று நினைத்து அம்மாவும் வந்தார். நீ முந்திக்கொண்டு பேசாதே, உன் அப்பா சபை மரியாதைக்கு மறுத்துவிடுவார், அவர் வாயால் வரட்டும் என்று எங்கள் டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். வாயை மூடிக்கொண்டு உட்கார்வதைவிடக் கஷ்டமான வேலையை நான் அதுவரை செய்ததில்லை.

கிளினிக் டாக்டர் மலாய்க்காரப் பெண். உண்மையிலேயே அன்பான முகம். ஏதாவது தொந்தரவு உண்டா அங்கிள் என்று மலாயில் கேட்டார்.

"தாக் அடா, டொக்டோர். ஓகே" என்றார் அப்பா. ஒன்றும் இல்லையாம்.

நான் நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் மகிழ்ச்சியோடு திரையைப் பார்த்தார். அப்படியானால் இதே மாத்திரையை இன்னும் ஆறு மாதம் தொடரலாம் என்றார். இந்த மாத்திரைக்குப் பயப்படும் அங்கிள்கள் நிறையப் பேர் வருகிறார்கள், அவர்களுக்கெல்லாம் நான் உங்களைத்தான் உதாரணம் காட்டுகிறேன் என்றும் சொன்னார்.

அப்பாவின் முகம் மாறியது. காகிதத்துக்கு மாறாத முகம் இதற்கு மாறியது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கிழவர்கள் எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டு எழுந்திருப்பது அவர் கண்ணில் வந்திருக்க வேண்டும். அவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் டாக்டர் என்றார். ஏன் என்று டாக்டர் கேட்டார்.

"காக்கி சாகிட்" என்றார் அப்பா, மெதுவாக. கால் வலிக்கிறது. ஒரு வருஷமாக.

டாக்டர் கோபப்படவில்லை. கணினியை விட்டு நாற்காலியை நகர்த்திக்கொண்டு அப்பாவுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். அவர்கள் உடம்பு வேறு, உங்கள் உடம்பு வேறு அங்கிள், அவர்களுக்கு இது ஒத்துப்போகலாம் என்றார். நான் ஒரு கூடம் முழுக்க விளக்குப் போட்டுச் சொல்ல முயன்றது அவ்வளவுதான். இந்த மாத்திரையை நிறுத்திவிடலாம், இன்றைக்கே ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வேறு மருந்து முடிவு செய்யலாம் என்றார். அப்பாவின் தொடையைத் தொட்டு, இங்கேயா, இங்கேயா என்று கேட்டார். அப்பா ஒவ்வொன்றுக்கும் ஆமாம், ஆமாம் என்றார். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா அப்போதுதான் பேசினார்.

"ஒரு வருஷமாவா? எங்கூட நடந்து வரப் பிடிக்கலன்னுல்ல நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

டாக்டர் என் பக்கம் திரும்பி, ஆன்ட்டி என்ன சொல்கிறார் என்று கேட்டார். ஒரு கூடம் நிறைய மூன்று மொழிகளில் எழுதித் தள்ளியவள் நான். அந்த ஒரு வரியை மலாயில் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை திருத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

அப்பா அம்மாவின் பக்கம் திரும்பவில்லை. டாக்டரைப் பார்த்தபடியே, நாற்காலியில் நேராக உட்கார்ந்து பதில் சொன்னார்.

"புக்கான், டொக்டோர். சாயா சுக்கா ஜாலான் டெங்ஙான் டியா."

அப்படியெல்லாம் இல்லை டாக்டர், அவளோடு நடப்பது எனக்குப் பிடிக்கும். தமிழில் அவர் அப்படி ஒன்றைச் சொல்லி நான் கேட்டதே கிடையாது. டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, வலியோடு அதையும் குறித்துக்கொள்கிறவர் போலக் கணினியில் என்னவோ தட்டினார். அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். அம்மாவுக்கு மலாய் மிக நன்றாகத் தெரியும். பாசாரில் மீன்காரரோடு தினமும் அந்த மொழியில்தான் மல்லுக்கட்டுகிறார்.